நீர் நின்றும் பயிர் வாடுவது ஏன்?

மாவடு ஊறவைப்பதை எல்லோரும் கண்டிருப்பீர்கள். ஜாடியில் வடுவை ஒரு வரிசையும் கல்லுப்பை ஒரு வரிசையுமாகப் போட்டு மூடிவிடுகிறார்கள். ஒரு சொட்டு நீரும் ஊற்றுவதில்லை. மூன்றாம் நாள் திறந்தால் வடு சுருங்கியிருக்கிறது; அதைச் சுற்றி நீர் ததும்பி நிற்கிறது. அந்நீர் வடுவின் உள்ளிருந்து வந்ததே. இதற்கு நேர்மாறாக, உலர்ந்த திராட்சையை நல்ல நீரில் இட்டுவைத்தால் விடிவதற்குள் அது நீரைக் குடித்து உருண்டுவிடுகிறது. ஓரிடத்தில் நீரை வெளியே இழுத்ததும், மற்றோரிடத்தில் உள்ளே இழுத்ததும் ஒரே இயற்கை விதிதான். அதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். பருத்திக் காய்க்குள் பஞ்சு இழை நீளுவது அவ்விதியால். சாயக் கழிவுநீர் பாய்ந்த வயலில், காலடியில் ஈரம் இருந்தும் பயிர் தலை சாய்வதும் அவ்விதியால். நெசவாளர் கணக்கிலும் உழவர் கணக்கிலும் ஒருங்கே பதிவாகும் ஒரு விஷயமாதலால், இருசாராரும் வாசிக்கும் இவ்விதழில் அதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

தாவரமாயினும் விலங்காயினும் உடல் முழுதும் கண்ணுக்குப் புலப்படாத சிற்றறைகளால் ஆனது. இவற்றை உயிரணுக்கள் என்கிறோம். ஒவ்வோர் உயிரணுவையும் மிக மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்திருக்கிறது. இச்சவ்வின் இயல்பு யாதெனில், நீரைத் தாராளமாக விடும். நீரில் கரைந்துள்ள உப்பையும் சர்க்கரையையும் எளிதில் விடாது. இத்தகைய சவ்வின் ஒருபுறம் நல்ல நீரும் மறுபுறம் உப்போ சர்க்கரையோ கரைந்த நீரும் இருக்குமானால், நல்ல நீர் கரைசல் இருக்கும் பக்கம் சென்று சேரும்.

ஏன் அப்படிச் செல்ல வேண்டும்? சந்தைத் திடல் ஒன்றை நடுவே வேலி கட்டிப் பிரித்து, ஆள் மட்டும் நுழையக்கூடிய சிறு வாயில்கள் வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒரு பாதியில் ஆட்கள் மட்டுமே இருக்கிறார்கள். மறு பாதியில் ஆட்களுக்கிடையே மூட்டை ஏற்றிய வண்டிகளும் நிற்கின்றன. எல்லோரும் நோக்கமின்றி அங்குமிங்கும் திரிந்தால், ஆட்கள் மட்டும் உள்ள பாதியிலிருந்து வாயிலை எட்டுவோர் மிகுதி. வண்டிகள் மறிக்கும் பாதியிலிருந்து எட்டுவோர் குறைவு. சிறிது நேரத்தில் வண்டிப் பக்கம் கூட்டம் பெருகிவிடும். நீர்த் துகள்களின் போக்குவரத்தும் ஏறத்தாழ இத்தகையதே. இரு திசையிலும் நீர் செல்கிறது; ஆனால் செலவைக் கழித்த பின் மிஞ்சும் வரவு கரைசல் பக்கத்திலேயே நிற்கிறது. உவமையை இதற்கு மேல் நீட்டலாகாது. கரைந்த பொருள் நீரின் விடுதலையைக் குறைக்கிறது என்பது மட்டும் மனத்தில் இருந்தால் போதும்.

இதை முதலில் சோதித்துக் காட்டியவர் பிரான்சு நாட்டு நொல்லே என்னும் பாதிரியார். 1748-இல் அவர் சாராயம் நிறைந்த பாத்திரத்தின் வாயைப் பன்றியின் நீர்ப்பையால் இறுக்கிக் கட்டி நீரில் அமிழ்த்தினார். நீர் உள்ளே புகுந்து பை புடைத்தது. ஊசியால் குத்தியதும் பீறிட்டது. ஜெர்மானியத் தாவர நூலார் பெஃபர், 1877-இல் இந்த உந்துதலின் அழுத்தத்தையே அளந்து காட்டினார். அந்த அளவுகளைக் கொண்டு விதி வகுத்த டச்சு அறிஞர் வான்ட் ஹாஃப் 1901-இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசைப் பெற்றார். உயிரணுச் சவ்வில் நீருக்கென்றே தனி வாயில்கள் உண்டு என்று அண்மையில் கண்டறிந்த அமெரிக்கர் பீட்டர் ஆக்ருக்கும் 2003-இல் அப்பரிசு கிடைத்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் குறிப்பிட வேண்டும். நீரை இழுக்கும் வலிமை, கரைந்த பொருளின் எடையைப் பொறுத்ததன்று. துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. சமையல் உப்பின் துகள் சிறியது. அதுவும் நீரில் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. சர்க்கரைத் துகள் பெரியது, பிரிவதில்லை. ஆகையால் 1 கிராம் உப்பின் இழுப்புக்கு ஈடு செய்யப் பத்துப் பதினொரு கிராம் சர்க்கரை வேண்டும். பாவுக்கு இடும் கஞ்சியிலோ மாவுப்பொருள் மிகுதியாக இருந்தும் அதன் துகள்கள் மிகப் பெரியவையாதலால் இழுப்பு சொற்பமே. செடிகள் தம் சேமிப்பைச் சர்க்கரையாக வைக்காமல் மாவாக மாற்றி விதையிலும் கிழங்கிலும் அடுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். நூல் நீரை உறிஞ்சுவதும், உளுந்து நீரில் ஊறிப் பருப்பதும் இவ்விதியில் அடங்குவன என்று சிலர் எண்ணுகிறார்கள். நூல் உறிஞ்சுவது இழைகளுக்கிடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகளால். உலர்ந்த விதை முதலில் பருப்பதும் பெரும்பாலும் அதன் மாவும் புரதமும் நீரைப் பற்றிக்கொள்வதால்தான்.

இனி, தாவர உயிரணுவுக்கும் விலங்கு உயிரணுவுக்கும் உள்ள வேற்றுமைக்கு வருவோம். சைக்கிள் சக்கரத்தில் உள்ளே ரப்பர்க் குழாயும் வெளியே டயரும் இருக்கின்றன. தாவர உயிரணு அத்தகையது. சவ்வு குழாய், அதற்கு வெளியே செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆன சுவர் டயர். நீர் உள்ளே புகப்புகச் சவ்வு புடைத்துச் சுவரை நெருக்குகிறது. சுவர் எதிர்த்து நிற்கிறது. இதனால் உண்டாகும் விறைப்பே கீரைத் தண்டை நிமிர்த்தி வைக்கிறது. நாற்றின் இலையை விரித்து வைக்கிறது. நல்ல நிலையில் உள்ள இலையின் உயிரணுவில் இவ்வழுத்தம் சைக்கிள் டயரில் உள்ள காற்றழுத்தத்தைவிடவும் அதிகமாக இருக்கக்கூடும். நீர் குறைந்தால் காற்றுப் போன சக்கரம்போல இலை தொங்கிவிடுகிறது. வெளியே உப்பு மிகுந்தால், சவ்வு சுவரைவிட்டுப் பிரிந்து உள்நோக்கிச் சுருங்குகிறது. அந்நிலை நீடித்தால் உயிரணு மடியும். வடுவுக்கு ஜாடியில் நேர்ந்தது இதுவே.

விலங்கின் உயிரணுவோ டயர் இல்லாத குழாய். நம் இரத்தத்தின் சிவப்பணுக்களைத் தனி நீரில் இட்டால் நீர் புகுந்து புகுந்து அவை வெடித்துவிடும். உப்பு மிகுந்த நீரில் இட்டால் சுருங்கிவிடும். ஆகவேதான் மருத்துவமனையில் நரம்பு வழியே ஏற்றும் சலைன் நீரில், லிட்டருக்கு 9 கிராம் என்று உப்பை அளந்து வைத்திருக்கிறார்கள். கடலில் தவிக்கும் மாலுமி கடல்நீரைக் குடிக்கலாகாது என்பதும் இதனாலேயே. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அந்த உப்பை வெளியேற்றச் சிறுநீரகம் செலவிடும் நீர், குடித்த நீரைவிட அதிகமாகிவிடும். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குத் தரும் உப்பு–சர்க்கரைக் கரைசலும் இவ்விதியைத் துணைக்கொண்டதே. குடலின் உயிரணுக்கள் உப்பையும் சர்க்கரையையும் சேர்த்து உள்ளே எடுத்துக்கொள்கின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் உட்செல்கிறது. 1971-இல் வங்காள அகதிகள் தங்கியிருந்த பன்காவ் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலைக் கொண்டே காலரா நோயாளிகள் பலரைக் காத்தார். ஆனால் அளவு முக்கியம். ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும். கூடுதலாகப் போட்டால் குணம் கூடும் என்று எண்ணுவது ஆபத்து. மிகுந்த உப்பும் சர்க்கரையும் குழந்தையின் உடலிலுள்ள நீரையே குடலுக்குள் இழுத்துவிடும்.

நெசவாளர் அறிய வேண்டிய ஒரு செய்தி, பள்ளிப் பாடநூல்களில் பெரும்பாலும் காணப்படாதது. நாம் நூலாக நூற்று நெய்யும் பஞ்சின் ஒவ்வோர் இழையும் ஒரே ஓர் உயிரணு. பருத்தி விதையின் தோலில் உள்ள உயிரணுக்கள் சில, பூ மலரும் நாளில் முளைபோலப் புறப்பட்டு, சுமார் மூன்று வாரம் நீண்டுகொண்டே செல்கின்றன. அகலத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் நீளமாகி, 3 சென்டிமீட்டர் அளவை எட்டுகின்றன. இப்படி நீட்டுவது எது? உயிரணு தன்னுள் பொட்டாசியத்தையும் சர்க்கரையையும் சில காடிப் பொருள்களையும் திரட்டிக்கொள்கிறது. அதனால் நீர் உள்ளே பாய்கிறது. சுவர் அப்போது மெல்லியதாக இருப்பதால் அழுத்தத்துக்கு இசைந்து நீளுகிறது. அழுத்தம் சிதறிவிடாதிருக்க, அண்டை உயிரணுக்களோடுள்ள நுண்வாயில்கள் சில நாட்களுக்கு அடைபட்டுவிடுகின்றன என்பது வியப்புக்குரியது. அதன் பின்னரே உள்ளே செல்லுலோஸ் படலம் படலமாகப் படிந்து இழை வலுவடைகிறது. காய் வெடித்ததும் இழை உலர்ந்து, உள்ளிருந்த சாறு வற்றி, நாடாபோலத் தட்டையாகி முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கு இருப்பதால்தான் இழையோடு இழை பற்றி நூலாகிறது. ஆகவே பூத்த பின் முதல் மூன்று வாரத்தில் பருத்திக்கு நீர்த் தட்டுப்பாடோ சாம்பல் சத்துப் பற்றாக்குறையோ நேர்ந்தால், இழை குட்டையாகும். பிறகு எவ்வளவு நீர் பாய்ச்சினாலும் அந்த இழை நீளாது. நூற்பாலையில் இழை நீளத்துக்கு ஏற்ப விலை வைக்கிறார்களே, அந்நீளம் காயின் உள்ளே நீரழுத்தத்தால் முன்னமே தீர்மானிக்கப்பட்டது.

பஞ்சை வளர்த்த அதே விதி, சாயத் தொட்டியிலிருந்து வெளியேறும் உப்பால் பயிருக்குப் பகையாகிறது. பருத்தி நூலை நீரில் நனைத்தால் அதன் மேற்பரப்பில் எதிர்மின் தன்மை ஏற்படுகிறது. வினைச் சாயங்களின் துகளும் எதிர்மின் தன்மை உடையது. ஒன்றையொன்று தள்ளும். அத்தள்ளுதலைத் தணித்துச் சாயத்தை நூலின்மேல் ஏற்றுவதற்காகவே உப்பைக் கொட்டுகிறோம். வெளிர் நிறத்துக்குக் குறைவாகவும் அடர் நிறத்துக்கு மிகுதியாகவும், லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் வரை இடுவது வழக்கம். அதாவது கடல்நீருக்கு நிகரானது, சில சமயம் அதனினும் கடியது. இந்த உப்பில் ஒரு கிராமும் துணியில் தங்குவதில்லை. சாயம் நூலோடு போகிறது. உப்பு நீரோடு போகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிலோ நூலுக்கு 1,000 லிட்டர் நீர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்தால், 60 கிலோ உப்பு வெளியேறுகிறது. பாசன நீரின் உப்பை அதன் மின்கடத்தும் திறனால் அளப்பார்கள். லிட்டருக்குச் சுமார் 640 மில்லிகிராம் உப்பு இருந்தால் அத்திறன் மீட்டருக்கு 1 டெசிசீமன் எனக் கொள்ளலாம். இந்த 60 கிலோவை அந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய ஏறத்தாழ 94,000 லிட்டர் நல்ல நீர் வேண்டும். தொட்டிக்குத் தொட்டி, நிறத்துக்கு நிறம் கணக்கு மாறும். ஆனால் எந்தக் கணக்கிலும் உப்பு மாயமாய் மறைந்ததாகக் காட்ட இயலாது.

வயலில் நடப்பது என்ன? வேரின் உயிரணுக்கள் மண்ணின் ஈரத்தைவிடச் செறிவான சாற்றை வைத்திருப்பதால் நீர் மண்ணிலிருந்து வேருக்குள் வருகிறது. (உச்சி இலைவரை நீர் ஏறுவதற்கு, இலை நீராவியை வெளிவிடும்போது உண்டாகும் இழுவையே பெருங்காரணம், ஆயினும் வேரின் வாயிலில் சவ்வைக் கடந்தே ஆக வேண்டும்.) மண் நீரில் உப்பு ஏறினால் இந்த வித்தியாசம் சுருங்குகிறது. மண்ணின் மின்கடத்தும் திறன் 4 டெசிசீமன் ஆனால், நீரை விடாமல் பிடிக்கும் அழுத்தம் ஏறத்தாழ 1.4 வளிமண்டலம். இது மண் முழுதும் நீரில் தோய்ந்திருக்கும் நிலையில். மண் உலர்ந்து நீர் பாதியானால் உப்பு அப்படியே இருக்க, அழுத்தம் இரட்டிக்கிறது. இன்னும் பாதியானால் மீண்டும் இரட்டிக்கிறது. ஆகவே நல்ல வயலில் பத்து நாள் தாங்கும் ஈரம், உப்பு வயலில் ஆறேழு நாளிலேயே பயிருக்கு எட்டாததாகிவிடலாம். கையால் மண்ணைப் பிடித்தால் ஈரம் தெரிகிறது, செடி வாடுகிறது. “தண்ணீர் கட்டியும் காய்கிறதே, இது என்ன நோய்?” என்று சங்கக் கூட்டங்களில் என்னிடம் கேட்டவர்கள் பலர். பூச்சிமருந்துக்குக் கடன் கேட்டவர்களும் உண்டு. நோய் ஒன்றுமில்லை, பயிருக்குத் தாகம்.

பயிர் வாளாவிருப்பதில்லை. தன் சாற்றில் சர்க்கரையையும் வேறு பொருள்களையும் கூட்டி, வெளியே உள்ள உப்புக்கு ஈடுகொடுக்க முயல்கிறது. ஆனால் தூரும் கதிரும் ஆக வேண்டிய முதல், வட்டி கட்டுவதில் கரைந்துபோகிறது. பயிர் உயிரோடிருந்தும் குட்டையாக நிற்கிறது. இந்த ஆற்றல் பயிருக்குப் பயிர் வேறுபடும். மண்ணில் 7.7 டெசிசீமன் வரை பருத்தியின் மகசூல் குறைவதில்லை, நெல்லுக்கு அந்த எல்லை 3, கரும்புக்கு 1.7, வெங்காயத்துக்கு 1.2 மட்டுமே. ஒரே கிணற்று நீரில் ஒருவர் பருத்தி தழைப்பதும், பக்கத்து வயலில் வெங்காயம் அழிவதும் இதனால்தான். அதிர்ஷ்டம் காரணமன்று.

நொய்யலின் வரலாறு இதற்குச் சான்று. வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக வந்து காவிரியில் கலக்கும் அவ்வாற்றில், பாசனத்துக்கென ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டி முடிக்கப்பட்டது. திருப்பூரின் சாயக் கழிவுநீர் அதில் தேங்கிற்று. பாசனத்துக்காகக் கட்டிய அணையில் நீர் தேக்க வேண்டாம் என்று பாசன விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் நீதிமன்றம் சென்றது. கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியேறலாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2006-இல் ஆணையிட்டது. உச்சநீதிமன்றம் 2009-இல் அதை உறுதி செய்தது. ஆணை நிறைவேறாமையால் 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடும்படி உத்தரவாயிற்று. உழவர் நிலம் இழந்தார். பின்னர் சாயத் தொழிலாளரும் வேலை இழந்தார். இவ்வழக்கில் ஒரு சாராரைப் பகைவராகக் காட்டி எழுதுவது எளிது. நான் அங்ஙனம் கருதவில்லை. உப்புக்கு ஆகும் செலவைத் தொட்டியருகே கணக்கில் எழுதாததால், அது ஆற்றின் கீழ்மடையில் எழுதப்பட்டது.

இதற்குக் கைக்கொண்ட வழியும் அதே விதியைத் திருப்பிப் போட்டதுதான். கரைசல் பக்கத்தில், அதன் இயற்கை இழுப்பை மிஞ்சும் அழுத்தத்தைக் கொடுத்தால் நீர் எதிர்த்திசையில் செல்லும், உப்பு பின்தங்கும். கடல்நீரின் இழுப்பு ஏறத்தாழ 27 வளிமண்டலம். அதற்கு மேல் அழுத்தினால் கடல்நீரும் நன்னீராகும். லோப், சவுரிராஜன் என்னும் இருவர் கலிபோர்னியாவில் 1960-ஐ ஒட்டி இதற்குத் தகுந்த சவ்வைச் செய்தனர். அச்சவ்வு செல்லுலோஸிலிருந்து செய்யப்பட்டது. பருத்தி இழையும் அதே பொருளால் ஆனதுதான். இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இம்முறையால் பெரும்பகுதி நீரை மீட்டுத் தொட்டிக்கே அனுப்புகின்றன. ஆனால் பின்தங்கிய கடுங்கரைசலைக் காய்ச்சி உலர்த்த வேண்டும். அதற்கு எரிபொருள் வேண்டும். இறுதியில் சாயக் கசடு கலந்த உப்புக் குவியலாக மிஞ்சும். அக்கரைசலையே தெளியச் செய்து அடுத்த சாயத்துக்கு உப்பாகப் பயன்படுத்தும் முறையும் சில நிலையங்களில் உண்டு. என் கருத்தில், குறைந்த உப்பில் ஏறும் சாயங்களை வாங்குவதே இவை யாவற்றிலும் சிக்கனம். சாயத்தின் விலையை மட்டும் பார்த்தால் அது தெரியாது, உப்பு, எரிபொருள், கசடு மூன்றையும் கூட்டிப் பார்த்தால் தெரியும்.

உழவர் தரப்பில் நிலவும் ஒரு தவறான எண்ணத்தையும் சொல்ல வேண்டும். உப்பு நிலத்துக்கு ஜிப்சம் இட்டால் உப்பு நீங்கிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். சோடியத்தால் மண் இறுகி, நீர் இறங்காத களர் நிலத்துக்கு ஜிப்சம் நல்ல மருந்து. ஆனால் அதுவும் ஓர் உப்பே. மண் நீரிலுள்ள உப்பை அது குறைப்பதில்லை. நல்ல நீரைத் தேக்கி உப்பைக் கரைத்து, வேருக்குக் கீழே இறக்கி, வடிகால் வழியே வெளியேற்றுவதே வழி. வடிகால் இல்லாவிடில் கரைந்த உப்பு வெயிலில் மீண்டும் மேலே வரும். உப்பு நீரையே பாய்ச்ச வேண்டிய கட்டாயம் உள்ளோர், பாசன இடைவெளியைக் குறைத்து மண்ணை உலரவிடாமல் வைக்க வேண்டும். யூரியாவை ஈரமற்ற மண்ணில் செடியடியில் குவிப்பதும் உப்பைக் கொட்டுவது போன்றதே. ‘உரம் சுட்டுவிட்டது’ என்கிறோமே, அந்தச் சூடு தீயால் வந்ததன்று, வேரிலிருந்து நீர் பறிபோனதால் வந்தது. பயறு வகைகளுக்கு இலைவழியே தெளிக்கும் டி.ஏ.பி. கரைசலை 2 சதவீதத்தில் நிறுத்தியிருப்பதற்கும் இது ஒரு காரணம்.

கிணற்று நீரைச் சோதிக்க விரும்புவோர், மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பின், அந்நீராலேயே இரண்டு மூன்று முறை அலம்பிய புட்டியில் அரை லிட்டர் பிடித்து, மூடி, வயலின் பெயரும் தேதியும் எழுதி, அன்றே மண் பரிசோதனை நிலையத்தில் சேர்ப்பிக்க வேண்டும். கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் எடுப்பது நலம். முடிவுத் தாளில் மின்கடத்தும் திறன் என்ற வரியை முதலில் பார்த்துவிட்டு, எந்தப் பயிர் வைப்பது என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.